சரிவாக வெட்டிய கான்

போன வாரம் ஒரு காலையில் மேனேஜர் போனில் கூப்பிட்டார். புல்தரையில் யாரோ டீ டிக்காஷனைக் கொட்டியிருக்கிறார்கள், வந்து பார் என்றார். நான் வேலை பார்க்கும் ரிசார்ட்டில் பெரிய புல்தரை ஒன்று உண்டு. அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது, ஆனால் எல்லோரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்கலாம். அதற்குத் தண்ணீர் விடவும், வாரம் ஒருமுறை முடி வெட்டுவதுபோல வெட்டிவிடவும் என்னை வைத்திருக்கிறார்கள். சட்டைப் பையின்மேல் கார்டன் சூப்பர்வைசர் என்று நூலில் தைத்திருக்கும். மேற்பார்வை பார்க்க எனக்குக் கீழே ஒரு ஆள்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

போய்ப் பார்த்தேன். நடுவில் பாய் அகலத்துக்குப் புல் பழுத்துக் கிடந்தது. டிக்காஷன் இல்லை. குனிந்து தூரை விலக்கினேன். முதுகில் பச்சையும் கறுப்புமாகக் கோடு போட்ட புழு ஒன்று சுருண்டு கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. அதற்குள் அந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது. புழு தின்று கழித்த பச்சை எச்சத்தின் வாசனை. பறித்த தேயிலையைச் சாக்கில் கட்டி ஒரு நாள் மறந்துவிட்டால் ஒரு புழுக்க வாடை வருமே, அது. என்னை அறியாமல் “அக்கா” என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. போனில் இன்னும் இருந்த மேனேஜர், எந்த அக்கா என்று மலையாளத்தில் கேட்டார். ஒன்றுமில்லை சார் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

ஒன்றுமில்லை என்று அவரிடம் சொல்லலாம். உங்களிடம் சொல்ல முடியாது.

இந்த ரிசார்ட் இருக்கும் இடத்தில் அப்போது எங்கள் லயம் இருந்தது. எஸ்டேட் வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய பதினோரு வீடுகள், ஒன்றின் சுவர் இன்னொன்றுக்கும் சுவர். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பதினோரு வீட்டிலும் தும்மல் கேட்கும். உடும்பஞ்சோலையிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் பக்கம், சுற்றிலும் ஏலக்காய் இருக்க நடுவில் கொஞ்சம் தேயிலையோடு ஒரு சின்ன எஸ்டேட். எல்லோரும் திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து என்றைக்கோ ஏறி வந்தவர்களின் பிள்ளைகள். பாதி வீட்டில் மாதா படம், பாதி வீட்டில் முருகன் படம், எல்லா வீட்டின் பின்னாலும் மாடு.

மாட்டுக்குப் புல் வேண்டுமே. தேயிலைக்குள் முளைக்கிற களைக்கு மருந்து அடித்திருப்பார்கள், அதை அறுத்துப் போட முடியாது. லயத்துக்குக் கீழே ஓடைவரை இறங்கும் சரிவில் எஸ்டேட்காரர்கள் ஒரு காலத்தில் குவாட்டிமாலா புல்லை நட்டு அப்படியே விட்டிருந்தார்கள். குவாட்டிமாலா எந்தத் திசையில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது, புல் மட்டும் ஆள் உயரம் வளரும். அந்தச் சரிவைப் பதினோரு துண்டாகக் கல் நட்டுப் பிரித்து, வீட்டுக்கு ஒரு துண்டு என்று வைத்திருந்தோம். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த துண்டு மரியபுஷ்பம் அக்காவுடையது. எல்லாவற்றுக்கும் கீழே, ஓடையை ஒட்டி இருந்தது என்னுடையது.

புல்லில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. உப்பைக் கேட்கலாம், நெருப்பைக் கேட்கலாம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கலாம். புல்லை மட்டும் வாயால் கேட்கக் கூடாது. ஒரு வீட்டில் மாடு கன்று போட்டால் அன்று பொழுது சாய்வதற்குள் மற்றப் பத்து வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒரு புல்கட்டைக் கொண்டுவந்து அந்த வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் பேசாமல் போக வேண்டும். யார் வைத்தது என்று கேட்கவும் மாட்டார்கள். ஆனால் யார் வைக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

மரியபுஷ்பம் அக்கா கொழுந்து பறிக்கிறவள். அவள் வீட்டுக்காரர் சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கும்போது விழுந்து இறந்துபோனார். பிள்ளை இல்லை. அதே வருஷம் அவளுடைய பசு ஒரு கிடேரியைப் போட்டுவிட்டுச் செத்தது. அக்கா அந்தக் கன்றைப் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் புட்டியில் பால் கொடுத்து வளர்த்தாள். செவலை என்று பெயர். காலையில் வேலைக்குப் போகும்போது செவலையிடம் என்னென்ன செய்யப் போகிறாள் என்று சொல்லிவிட்டுப் போவாள், சாயங்காலம் வந்து யார் யாரோடு சண்டை என்று சொல்லுவாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு, காலையில் ஆள் கணக்கு எடுக்கும் மஸ்டரில் நடந்த செய்தியெல்லாம் அப்படித்தான் வந்து சேரும். நான் சொல்லும் ஆடி மாதத்தில் செவலை தலையீத்துக்கு நிறைமாதமாக நின்றது.

நான் யார் என்று சொல்லவில்லையே. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கல்யாணமாகி ஒரு வருஷம். எஸ்டேட்டில் கான் வெட்டுகிற கூட்டத்தில் நான்தான் முதல் ஆள். கான் என்றால் தேயிலைச் சரிவில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் வடிவதற்காகக் குறுக்கே வெட்டும் வாய்க்கால். பார்க்கிறவர்களுக்குக் குழி, எங்களுக்கு அது வித்தை. வாய் அகலமாக, அடி குறுகலாக, இரண்டு பக்கமும் சாய்த்து இறக்கி, மம்பட்டியின் முதுகால் தட்டித் தட்டி மெழுகியதுபோல ஆக்க வேண்டும். சுவர் நேராக நின்றால் முதல் மழையில் சரிந்து விழும். நான் வெட்டிய கானில் ஒரு பிடி மண் சரிந்தது என்று யாரும் சொன்னதில்லை. வேறு எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு என் கானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார்கள். எனக்குத் தலைக்கனம் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை.

அந்த வருஷம் ஆனி முழுவதும் மழை ஏமாற்றியது. ஆடி பிறந்ததும் கொட்டத் தொடங்கியது. மழை விட்ட ஒரு சாயங்காலம் லயத்து விளக்குகளைச் சுற்றிப் பழுப்பு நிற விட்டில்கள் வந்து மொய்த்தன. சிறகில் நொய்யரிசி ஒட்டியதுபோல ஒரு வெள்ளைப் புள்ளி. என் மனைவி செல்வி அவற்றைச் சுளகில் கூட்டி அள்ளி மறுநாள் கோழிக்குப் போட்டாள். இரண்டு மூன்று நாளில் கோழியெல்லாம் கொழுத்துவிட்டது என்று சிரித்தோம். வீட்டு வாசலில் வந்து தகவல் சொன்னவர்களைப் பிடித்துக் கோழிக்குப் போட்டிருக்கிறோம் என்று தெரியாது.

இரண்டு வாரம் கழித்து மேட்டில், சோலைக்காட்டின் ஓரத்துக் காட்டுப்புல் முழுக்கத் துடைப்பக்குச்சியாக நின்றது. அக்காதான் முதலில் பார்த்தாள். கூப்பிட்டுக் காட்டினாள். புல்லுக்கு அடியில் தரையே நகர்வதுபோல இருந்தது. காது கொடுத்தால் கேட்டது, ஓலைமேல் சாரல் விழுவதுபோல ஓயாத ஒரு சத்தம். மழை இல்லை. அவை தின்கிற சத்தம்.

யாரோ போன் பண்ணி, விவசாய ஆபீஸான கிருஷி பவனிலிருந்து ஒரு மேடம் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு. பட்டாளப்புழு என்றார். வெளிநாட்டிலிருந்து வந்ததெல்லாம் இல்லையாம், இந்த மலையிலேயே எப்போதும் இருக்கிற விட்டில்தானாம். மழை தவறிப் பிறகு ஒரேயடியாகப் பெய்கிற வருஷத்தில் இப்படிப் பெருகிவிடுமாம். ஒரு இடத்தில் தின்று தீர்த்தால் கூட்டமாக அடுத்த இடத்துக்கு நடக்கும், கொஞ்ச நாளில் மண்ணுக்குள் போய்விடும், அதுவரை தடுத்தால் போதும் என்றார். மாடு தின்கிற புல்லுக்கு மருந்து அடிக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். புல்லுக்கு மேலே குறுக்காக ஒரு பள்ளம் வெட்டுங்கள், கீழ்ப்பக்கச் சுவர் மட்டும் வீட்டுச் சுவர்போலச் செங்குத்தாக இருக்கட்டும், விழுந்த புழு ஏற முடியாது என்றார். நான் தலையாட்டினேன். அவருக்கு இன்னும் இரண்டு ஊருக்குப் போக வேண்டியிருந்தது, போய்விட்டார்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் முதல் சிக்கல். அக்காவின் துண்டுக்கு மேலே முழுக்கப் பாறை. மம்பட்டி இறங்காது. அவள் துண்டுக்குக் கீழேதான் ஆழமான மண். அப்படியென்றால் கானுக்கு மேலே அவளுடைய புல் மட்டும் புழுவுக்கு. முன்னதாக அறுத்து வைக்கலாமே என்றால் அந்த மூடுபனியில் அறுத்த புல் நாலு நாளில் அழுகும். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவளே சொன்னாள்.

“வெட்டு தம்பி. என் துண்டு ஒண்ணு போனா பத்து நிக்கும்லா. செவலைக்கு ஆளுக்கு ஒரு கட்டு தர மாட்டியளா?”

எல்லோருக்கும் முன்னால் நான் சொன்னேன். “நான் இருக்கேன்க்கா.”

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்குப் போனவர்கள்கூட பாதியில் திரும்பி வந்துவிட்டார்கள். பதினெட்டு மம்பட்டிகள். மத்தியானத்துக்குள் சரிவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கான் இறங்கிவிட்டது. மேடம் சொன்னது எனக்கு நினைவில் இல்லாமல் இல்லை. செங்குத்தாக வெட்டினால் ராத்திரி மழைக்கே சரிந்து விழும், ஜீப்பில் வருகிறவர்களுக்குக் கானைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் சாய்த்துத்தான் இறக்கினேன். மம்பட்டி முதுகால் தட்டி மெழுகினேன். அவ்வளவு அழகான கானை நான் அதற்கு முன்னும் வெட்டியதில்லை, பின்னும் வெட்டியதில்லை. அக்கா சுளகில் அடுப்புச் சாம்பலோடு பக்கத்தில் நின்றாள். மற்றப் பெண்கள் கூடையில் கோழிகளைக் கொண்டுவந்து காத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை மூன்று மணி இருக்கும். மூடுபனி இறங்கி எதிரில் இருப்பவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. அக்காவின் துண்டிலிருந்து சாரல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது. தின்று முடித்துவிட்டன. இனி நடக்கும்.

மேல் விளிம்பில் வந்தன. வரிசை என்று சொல்ல முடியாது, ஒரு கம்பளத்தை யாரோ தள்ளிக்கொண்டு வருவதுபோல வந்தன. கானுக்குள் உருண்டு விழுந்தன. யாரோ கை தட்டினார்கள். அடி நிறைந்தது, கோழிகளை இறக்கிவிட்டோம். அவையும் எவ்வளவுதான் தின்னும். கால் மணி நேரத்தில் தெவிட்டிப்போய் ஒதுங்கி நின்றன. அப்போது நான் கீழ்ச் சுவரைப் பார்த்தேன். நான் சாய்த்து, தட்டி, வழவழவென்று ஆக்கி வைத்திருந்த சரிவில் அவை நிதானமாக ஏறி வந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தடுமாறவில்லை. தண்ணீருக்கு வெட்டிய வழி புழுவுக்குப் படிக்கட்டாகிவிட்டது.

அக்கா சாம்பலைக் கொட்டினாள். ஈரத்தில் சாம்பல் சேறானது. நான் ஒரு கோடியிலிருந்து சுவரை நேராகச் செதுக்கத் தொடங்கினேன். நான் பத்தடி செதுக்குவதற்குள் நூறடியில் தாண்டிவிட்டன. இருட்டுவதற்குள் இரண்டாவது துண்டும் மூன்றாவது துண்டும் அசையத் தொடங்கின. ஆளாளுக்குத் தங்கள் துண்டில் அறுக்க முடிந்ததை அறுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அடுத்த இரண்டு நாளில் நான் இன்னொரு கான் வெட்டினேன். இந்த முறை கீழ்ச் சுவர் வீட்டுச் சுவர்போலச் செங்குத்து. மேலே பலகை வைத்து மழைக்கு முட்டுக் கொடுத்தேன். செல்வியும் நானும்தான். ஓடைப்பக்கம் நிலம் குறுகலாக இருந்ததால் இரண்டு பேருக்கு முடிந்தது. புழு வந்தது, விழுந்தது, ஒன்றுகூட ஏறவில்லை. அந்தக் கான் எங்கே இருந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். என் துண்டுக்கு மேலே. அக்காவின் புல்லில் பாடம் படித்து என் புல்லில் பரீட்சை எழுதித் தேறினேன்.

பத்துத் துண்டு மொட்டை, ஒரு துண்டு பச்சை. ஆளுக்கு ஒரு கட்டு தர வேண்டியவர்களிடம் தருவதற்குப் புல் இல்லை. வைக்கோல் லாரி வர வேண்டிய மலைப்பாதையில் மண் சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. மற்றவர்கள் பலா இலையும் வாழைத்தண்டுமாக எதையோ ஓட்டினார்கள், சிலர் மாட்டைச் சொந்தக்காரர்கள் தோட்டத்துக்கு ஓட்டிப்போய்க் கட்டினார்கள். செவலை அக்கா வீட்டின் பின்னாலேயே நின்றது. ராத்திரியில் அது கத்தாது. காலையில் எங்கள் வீட்டில் புல்கட்டு வந்து இறங்கும் சத்தம் கேட்டால் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒருமுறை கத்தும்.

அக்கா கேட்கவில்லை. முறைதான் தெரியுமே, கேட்கக் கூடாது. நானும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் கறவை ஒன்று, கிடேரி ஒன்று. என் துண்டுப் புல்லைச் சிக்கனமாக அறுத்தால் செவலையையும் சேர்த்து மூன்று மாட்டுக்கும் அரைவயிறாகக் காணும். அரைவயிறு என்றால் கறவை வற்றிவிடுமே என்று பயந்தேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ செல்வி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “அக்கா வாசல்ல ஒரு கட்டு வச்சிட்டு வாங்க.”

“கன்னு போடட்டும், வைப்போம். அதுதானே முறை” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். முறை என்று ஒன்று இருப்பது எவ்வளவு வசதி பாருங்கள். கருமித்தனத்தைக்கூட அதற்குள் மடித்து வைக்கலாம்.

ஒரு வாரம் அப்படிப் போனது. ஒருநாள் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன், கட்டுத்தறி வெறுமையாகக் கிடந்தது. போடியில் அக்காவின் அண்ணன் இருந்தார், நெல் வயலும் வைக்கோற்போரும் உள்ளவர். லாரி வராத ரோட்டில், நிறைமாத மாட்டை, அந்த மலையிலிருந்து நடத்தி இறக்கிக் கொண்டுபோகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் ஓடைக்கு இறங்கினேன். எவ்வளவு வேகமாக அறுத்தேன் என்றால் இடது கைச் சுட்டுவிரலில் இன்னும் அந்தத் தழும்பு இருக்கிறது. கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போடிமெட்டு ரோட்டில் ஓடினேன்.

மெட்டைத் தாண்டி இரண்டாவது வளைவில் பிடித்துவிட்டேன். செவலைக்கு விலா எலும்பு தெரிந்தது, வயிறு மட்டும் தொங்கியது. ஒவ்வொரு காலாக யோசித்து வைத்தது. நான் கட்டைக் கீழே போடுவதற்குள் அது வாயை வைத்துவிட்டது. அக்கா ரோட்டோரத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்துகொண்டாள். செவலை தின்று முடித்தது. திரும்பி வா அக்கா, என் துண்டில் பாதி உனக்கு என்று சொன்னேன். பத்து நாளுக்கு முன்னால் சொல்ல வேண்டியதை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவள் எழுந்து கயிற்றைக் கையில் சுற்றினாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சும்மா, ஒரு வேலையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“கான் நல்லாத்தான் வெட்டுன தம்பி. தண்ணிக்கு.”

இரண்டு வாரம் கழித்துத் தனியாக வந்தாள். செல்விதான் கேட்டாள். கன்று பிழைக்கவில்லை என்றாள். செவலையை அண்ணன் வீட்டிலேயே விட்டுவிட்டாளாம், மறுபடியும் மலையேற அதற்குத் தெம்பில்லை என்றாள். அதற்கு அப்புறம் சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்கவில்லை. புழுவெல்லாம் அதற்குள் மண்ணுக்குள் போயிருந்தது. புரட்டாசி பிறப்பதற்குள் பத்துத் துண்டிலும் புல் மறுபடி ஆள் உயரம் வந்துவிட்டது, முன்னைவிடப் பச்சையாக. அவள் துண்டில்தான் நன்றாக வந்தது. அறுப்பதற்கு ஆள் இல்லை. அடுத்த வருஷம் அவளும் போடிக்கு இறங்கிவிட்டாள்.

எஸ்டேட் கைமாறியது, லயம் காலியானது, மாடுகள் ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. இடித்த இடத்தில் கண்ணாடிச் சுவர் வைத்து அறைகள் கட்டினார்கள். புல்சரிவை நிரவிப் புல்தரை போட்டார்கள். கான் வெட்ட இப்போது இயந்திரம் வருகிறது, அதற்குத் தலைக்கனம் கிடையாது.

மேனேஜர் மருந்து அடிக்கச் சொன்னார். இரண்டு நாள் பொறுங்கள் சார் என்று கேட்டு, பழுத்த இடத்தைச் சுற்றி ஒரு முழ ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினேன். வெளிச் சுவரைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக இறக்கினேன். ஒன்றுகூட ஏறவில்லை. மைனாக்கள் வந்து பொறுக்கின, விருந்தினர்கள் போட்டோ எடுத்தார்கள். புல்தரை தப்பித்தது. மேனேஜருக்குச் சந்தோஷம், இதை எங்கே படித்தாய் என்று கேட்டார். இங்கேதான் என்றேன்.

நேற்று மீதிப் புல்லை வெட்டினேன். எப்போதும் சாக்கில் அள்ளிப் போடுவதுதான் வழக்கம். நேற்று என்னவோ, ஓடையோரத்தில் நீளமாக வளர்ந்திருந்ததையும் சேர்த்து அறுத்து, புல்லாலேயே பிரி முறுக்கிக் கட்டிவிட்டேன். அக்காவின் வீடு இருந்த இடத்தில் இப்போது நாலாம் நம்பர் அறை இருக்கிறது. அதன் வாசலில் வைத்துவிட்டு, பேசாமல் வந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் ஹவுஸ்கீப்பிங் பெண் வந்து, நாலாம் நம்பர் வாசலில் யார் குப்பை போட்டது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் என்றேன். ஏன் சேட்டா என்றாள். அவள் அதைக் கறுப்புப் பைக்குள் திணித்துக் குப்பை வண்டியில் ஏற்றினாள். அந்த வாசலில் நான் வைத்த முதல் கட்டு அது.